தூங்க வைத்த பொத்தான்

…கழுத்தை நெரித்துத்தான் கொல்ல வேண்டும், சுட்டுக் கொல்வதெல்லாம் அதற்கு மரியாதை அதிகம், திரையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தச் சாம்பல்நிறப் பெட்டியைச் சொல்கிறேன், அதற்குள் இருக்கும் அந்தப் பசப்பு வாசகத்தை, 'இந்த டிஸ்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடர விரும்பினால் டிஸ்கின் பெயரைத் தட்டச்சு செய்யவும், பிறகு கீழேயுள்ள பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடிக்கவும்'… மூன்று நொடியா? மூன்று நொடியில் நான் மூன்று பேரை வெட்டிப் புதைத்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பேன், நாலாவது நொடிக்கு எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆட்டை வெட்டுகிறவன் ஆட்டிடம் பெயரும் முகவரியும் கேட்டுவிட்டா வெட்டுகிறான்? அழிப்பதென்றால் ஒரே போடு, ஒரே சொடுக்கு, தலை ஒரு பக்கம் முண்டம் ஒரு பக்கம், அதுதான் அழகு, அதை விட்டுவிட்டுக் கொலைகாரனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'ஐயா, நன்றாக யோசித்துத்தான் செய்கிறீர்களா' என்று கேட்கிற இந்தச் சொரணைகெட்ட பெட்டியை, நான் உயிரோடு இருக்கும்வரை, என் உடம்பில் கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும்வரை… மணி என்ன, பத்து இருபதா?

பதினோரு மணிக்குப் பூட்டு. பூட்டுக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் மனிதர் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்கு முகத்தைக்கூடக் காட்டாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் இயங்குதளத்தின் புதுப் பதிப்பை இழுத்துப் பூட்டுவார், அதற்கு முன்னால் உள்ளே போனது போனதுதான், போகாதது ஆறு மாதம் வாசலில் நிற்க வேண்டியதுதான். எங்கள் இயங்குதளம் என்றால் கடையில் விற்கிறது இல்லை, திறமூலம், யார் வேண்டுமானாலும் அதன் வயிற்றைக் கீறிக் குடலை வெளியே எடுத்துப் பார்க்கலாம், பிடிக்காததை அறுத்துப் போடலாம், பிடித்ததை வைத்துத் தைக்கலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது, சம்பளம் இல்லாத இடத்தில் சண்டைக்கு மட்டும் என்ன குறைச்சல்… திரையின் அடியில் ஓடுகிற பட்டையின் உயரம் இருபத்துநாலு புள்ளியா இருபத்தெட்டா என்று போன வருஷம் நடந்த யுத்தத்தில் பதினோரு பேர் செத்தார்கள், அதாவது குழுவை விட்டுப் போனார்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். பங்காளிச் சண்டையில்கூட அவ்வளவு ரத்தம் ஓடாது. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும், பூங்காவில் நடக்கிறவர்கள் நடக்கட்டும், சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசட்டும், நான் 'சுத்தியல்' என்ற பெயரில் ஏழு வருஷமாக இங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், மற்றவர்களுடைய மண்டையை. அந்தச் சாம்பல்நிறப் பெட்டியைப் பெற்றெடுத்தது 'அரைநொடி' என்று ஒரு வடிவமைப்பாளர், பொறுமைசாலி, எதையும் நாலு பேரை உட்காரவைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாத ஆள், குழுவில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி என்னவென்றால் அரைநொடி என் மருமகள், பக்கத்து அறையில் இருக்கிறாள், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் சுவர், அந்தச் சுவரைத் தாண்டிப் போகவேண்டிய குத்துகள் எல்லாம் ஏழு கடல் சுற்றிக் குழுவின் பக்கம் வழியாக வந்து சேருகின்றன.

குழுவின் சட்டம் எளிமையானது, யாராவது ஒருவர் காரணத்தோடு தடை போட்டால் அந்த மாற்றம் உள்ளே போகாது, ஆனால் தடை போட்டவரிடம் கேட்கிற கேள்விக்கு அவர் பூட்டு விழுவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் தடை செத்தது. அந்தப் பெட்டிக்கு நான் போன வாரம் தடை போட்டேன். அவள் இன்று காலை எட்டேகாலுக்குக் கேள்வி கேட்டாள். ஒரே ஒரு வரி… அதற்கு இரண்டு மணி நேரமாக நான் பதில் எழுதவில்லை, எழுத வராமல் இல்லை, எனக்கு எழுத வராதா, தினமும் நாலு பேரை எழுத்தாலேயே தூக்கில் போடுகிறவன்… பூனை மாதிரி வந்து கதவைத் திறக்கிறாள் பார், கையில் டம்ளர்.

"மாமா, டீ ஆறிடுச்சு. சூடு பண்ணிட்டேன்."

"எதிரி முகாம்ல இருந்து வர்ற டீ. விஷம் இருக்கா?"

"இருக்கு. ஆனா குடிக்கறதுக்கு முன்னாடி உங்க பேரை டைப் பண்ணிட்டு, டம்ளரை மூணு செகண்ட் அழுத்திப் பிடிக்கணும்."

சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போகிறாள், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ஜாதி, எனக்கு வந்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறி எரிகிறது, இப்படி ஒரு எதிரி கிடைக்க நான் போன பிறவியில் எத்தனை பேரைக் கொன்றிருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, பார்த்தேன். காலையில் மகன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, அவன் எப்போதும் பாதி உடுத்தியபடிதான் முக்கியமான விஷயங்களைச் சொல்வான், "அப்பா, ஒரு பட்டனுக்காக வீடே மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கு, நல்லாவா இருக்கு?" என்றான், "ஒரு பட்டன் இல்லடா, மூணு செகண்ட்" என்றேன், "அவ சொல்லிட்டா. இந்தத் தடவையும் உள்ள போகலன்னா குழுவை விட்டே வந்துடுவாளாம். மூணு தடவை ஆச்சுப்பா" என்றான், குரலில் அவனுடைய அம்மாவின் சாயல், எனக்குச் சுருக்கென்றது, ஆனால் யுத்தம் என்று வந்த பிறகு சுருக்கென்பதற்கெல்லாம் மருந்து போட முடியுமா… அவள் வந்துவிட்டால் பன்னிரண்டாவது பிணம், நான் சுட்டது, என் வீட்டிலேயே, மத்தியானம் எதிரில் உட்கார்ந்து எனக்குப் பரிமாறுகிற பிணம்.

நான் அழிப்பதில் சுகம் காண்கிறவன், மறைப்பானேன். அக்கம்பக்கத்தில் செத்துக்கொண்டிருக்கும் கணினிகளையெல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், வாரத்துக்கு இரண்டு வரும், வெளியில் சொல்லும்போது இருபது, பழையதைத் துடைத்தெறிந்து எங்கள் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுப்பேன், அந்தத் துடைக்கிற கணம் இருக்கிறதே, ஒரு சொடுக்கு, யாரோ பத்து வருஷமாகச் சேர்த்த குப்பை கூளம் எல்லாம் கூட்டத்தோடு பலி, எத்தனை ராஜாக்கள் படையெடுத்தும் இந்தச் சுகத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். அதற்குள் புகுந்து இவள்… ஏழு மாதம், பதினாலு பேர், ஒவ்வொருவராக அந்த அறையில் உட்காரவைத்து, 'நீங்களே ஏற்றுங்கள், நான் பேச மாட்டேன், பார்ப்பேன்' என்று சொல்லிவிட்டுக் குறிப்பெழுதிக்கொண்டே இருந்தாள். பதினாலில் இரண்டு பேர் தப்பான டிஸ்கை அழித்தார்கள். ஒருவர் தையல்காரர், அவர் கொண்டுவந்திருந்த வெளி டிஸ்கில் முப்பது வருஷ வெட்டுப் படிவங்கள் இருந்தனவாம், நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன், மனிதர் கத்தவில்லை, அழவில்லை, மவுஸின் மேலிருந்து கையை எடுத்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்… அன்றைக்குக் குழுவில் நான் எழுதினேன், 'படிக்காமல் அமுக்குகிறவனைக் கடவுளே வந்தாலும் காப்பாற்ற முடியாது', எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன், எதற்குக் கழுவினேன், வெயிலா?

தடைக்கு நான் எழுதிய காரணம் பிரமாதமானது, என் வாயாலேயே சொல்லக் கூடாது, நாற்பது பேர் கைதட்டினார்கள். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் மின்பலகை வேலை பார்த்தவன், பொத்தான்களைப் பற்றி எனக்கா சொல்லித்தருகிறீர்கள் என்று ஆரம்பித்து, எண்பது டன் பிரஸ் கதையைப் போட்டேன். கதவுக் கீல் அடிக்கிற இயந்திரம், இரண்டு பச்சைப் பொத்தான், ஒன்று இடது கோடியில் ஒன்று வலது கோடியில், இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல்பாரம் கீழே இறங்கும், கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் எப்படிப் போகும், அதுதான் சூட்சுமம், அவளுடைய பெட்டியும் அதே சூட்சுமம்தான், ஒரு கைக்கு இரண்டு வேலை கொடுத்து நிறுத்துவது. 'என்ன ஆனது தெரியுமா' என்று எழுதினேன், 'ஓட்டுநர் ஒருவன், மின்னல் என்று பெயர், ஒரு பொத்தானைக் கம்பியால் கட்டிப்போட்டு ஒற்றைக் கையால் ஓட்டினான், பாரம் இறங்கியது, கை போனது, பூட்டைப் போட்டால் மனிதன் கம்பியைத் தேடுவான், அதனால் பூட்டே வேண்டாம், ஒரே சொடுக்கு, கண்ணைத் திறந்துகொண்டு அமுக்கட்டும்.' ஆப்பசைத்த குரங்கு என்று ஒரு வார்த்தையும் சேர்த்தேன், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். நான் அந்தக் கதையை எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டில், ரயிலில், பல் வைத்தியரின் வாசலில், முதலில் மூன்று விரல், பிறகு நாலு, பிறகு ஐந்தும், போன வருஷம் மணிக்கட்டுவரை வந்துவிட்டது, இன்னும் இரண்டு வருஷம் நான் இருந்தால் தோள்வரை வெட்டிவிடுவேன்… ரத்தம் கூரைக்கு அடித்தது, மேற்பார்வையாளர் மயங்கி விழுந்தார், இயந்திரம் மூன்று நாள் நின்றது, எல்லாம் சொல்வேன், கேட்கிறவர்கள் 'ஐயோ' என்பார்கள், அந்த 'ஐயோ'வில் ஒரு ருசி. அவள் கேட்ட கேள்வி இதுதான்: 'அந்தப் பொத்தானைக் கட்டியது யார், எதற்காக?'

எழுதியிருக்கிறேனே, அவன்தான் என்று, கண் தெரியவில்லையா… இல்லை, அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், பிரச்சினையே அதுதான். வெளியிலிருந்து கம்பியால் கட்டக்கூடிய பொத்தானாக இருந்தால் அதைச் செய்தவன் முட்டாள், குழிக்குள் உட்கார்ந்த பொத்தான் அது, விரல் நுனி மட்டும்தான் நுழையும், கம்பியெல்லாம் நிற்காது. இத்தனை வருஷத்தில் ஒருவருக்குக்கூடத் தோன்றாத கேள்வி. மின்னல் ஒரு நாளும் கம்பி கட்டவில்லை. மத்தியானச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து என் மேஜையில் சாய்ந்து நின்றான், எண்ணெய் வாசனை, காதில் பென்சில், "அண்ணே, வலது பொத்தானை மட்டும் தூங்க வைங்கண்ணே. வலது கை சும்மா அதை அமுக்கிட்டு நிக்குது, அதை விட்டா அடிச்ச துண்டை எடுத்துடும், இன்னைக்குக் கணக்குக்கு இன்னும் நானூறு இருக்கு" என்றான், நான் என்ன சொன்னேன், வேண்டாம்டா என்றேனா, "நான் நினைச்சா இந்த மெஷினை உனக்குத் தாலாட்டுப் பாட வைப்பேன்டா" என்றேன், நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாலு பேர் பார்த்தால் எனக்கு எது நின்றிருக்கிறது, பெட்டியின் மூடியைக் கழற்றினேன், மூன்று அங்குல மஞ்சள் கம்பி, இரண்டு முனையையும் சீவி இரண்டு திருகாணிக்கு அடியில் செருகி இறுக்கினேன், இரண்டு நிமிஷம், வலது பொத்தான் தூங்கியது, இயந்திரத்துக்கு இனி இடது கை ஒன்று போதும், கைதட்டினார்கள், அன்றைக்கும்.

பிறகு நடந்ததில் கூரைக்கெல்லாம் ரத்தம் அடிக்கவில்லை. முன்னூற்றுச் சொச்சம் துண்டு ஒழுங்காக வந்தது, இடது கை அமுக்க, வலது கை எடுக்க, அமுக்க, எடுக்க, அப்புறம் ஒரு தடவை அமுக்குவது கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான், ஈரத்துணியைக் கல்லில் போட்டது மாதிரி ஒரு சத்தம், பாரம் மேலே போனது, அச்சின் மேல் கீலோடு கீலாக மூன்று விரல், ஆள்காட்டி விரலில் நகத்துக்கடியில் கிரீஸ் கறுப்பு அப்படியே இருந்தது. அவன் உட்கார்ந்தான், விழவில்லை, உட்கார்ந்தான், முழங்காலில் கையை வைத்துக்கொண்டு "மெயினை அணைங்க, மெயினை அணைங்க" என்றான், வேறு யாருக்கோ அடிபட்டதுபோல எங்களுக்குப் பதமாகச் சொன்னான், ரத்தம் காற்சட்டை மடிப்பில் குளமாகி, நிரம்பி, பிறகுதான் தரையில் இறங்கியது. எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் மெயினை அணைத்தேன், அணைத்துவிட்டு… பெட்டியின் மூடியைக் கழற்றினேன். கை நடுங்கவில்லை, அதை மட்டும் நான் இப்போதும் நம்ப முடியாமல் இருக்கிறேன், திருகாணி ஒன்று, திருகாணி இரண்டு, மஞ்சள் கம்பி என் சட்டைப் பையில். மேலாளர் வந்து பார்த்தபோது இரண்டு பொத்தானும் பால் குடிக்கத் தெரியாத பூனைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. "கம்பி கட்டி ஓட்டுவான் சார், போன வாரமே சத்தம் போட்டேன்" என்றேன், என் வாய்தான், இந்த வாய்தான், பதிவேட்டில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள், கீழே சாட்சிக் கையெழுத்து நான்.

பத்து ஐம்பத்திரண்டு. 'அவனேதான் கட்டினான், சீக்கிரம் முடிக்க', நாலு வார்த்தை, எழுதினால் தடை நிற்கும், யுத்தம் எனது, அவள் சாயங்காலத்துக்குள் குழுவுக்குக் கடிதம் எழுதிவிடுவாள். விரலைப் பொத்தான்களின் மேல் வைக்கிறேன், எடுக்கிறேன், ஐந்தும் இருக்கின்றன, அந்தப் பக்கமும் ஐந்து… உண்மையை எழுதலாம், நாலாயிரம் பேர் படிக்கிற பக்கத்தில், சுத்தியல் யாரை அடித்தது என்று. சும்மா இருந்தாலும் போதும், எட்டு நிமிஷத்தில் தடை தானாகச் சாகும், ஆனால் வாயை மூடிக்கொண்டு சாவது சுத்தியலுக்கு அழகா… அட, இருக்கிறதே கெட்டிக்காரத்தனமான வழி, நானே தடையை எடுத்துவிட்டால் கேள்வியும் சேர்ந்து சாகுமே, இல்லாத தடைக்கு யார் பதில் கேட்பார், அவளுக்கு வெற்றி, எனக்குப் பெருந்தன்மை, மின்னலுக்கு… 'தடையை நீக்கு', ஒரே சொடுக்கு, போயே போய்விட்டது, ஒரு கேள்வி இல்லை ஒரு குறுக்கீடு இல்லை, என்ன சுகம், நாற்காலியில் சாய்ந்தேன், கழுத்துப் பின்புறம் நனைந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். துள்ளிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன், நடந்துதான் வந்தாள்.

"ஏன் மாமா எடுத்தீங்க?"

"ஜெயிச்சவ கேள்வி கேக்கக் கூடாது. போய் உன் புருஷனுக்குப் போன் போடு."

"ஏன் எடுத்தீங்க?"

"வயசாயிடுச்சும்மா. கை தவறிடுச்சு."

"ஏழு வருஷமா எத்தனை பேரை அடிச்சிருக்கீங்க, ஒரு தடவை கை தவறியிருக்கா உங்களுக்கு?" என்று சொல்லிக்கொண்டே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், மடியில் அந்தக் குறிப்பு நோட்டு. "நான் தடையை உடைக்கறதுக்காகக் கேக்கல மாமா, நிஜமாவே தெரியணும். பூட்டு போடறது சுலபம். அதை ஏன் கழட்டறாங்கன்னு தெரியாம போட்டா, என் பூட்டுக்கும் ஒருத்தர் வழி கண்டுபிடிப்பாரு. அவரா கட்டினாரு?"

இந்த இடத்தில்தான் என் புளுகெல்லாம் யானை யானையாக வந்து நிற்கும், எப்போதும் வரும், நூறு யானை, கூரை பிய்கிற சத்தம், மேற்பார்வையாளரின் மயக்கம், வாயைத் திறந்தால் போதும், அவை பாட்டுக்கு நடக்கும்… வாயைத் திறந்தேன், ஒன்றுகூட வரவில்லை.

"இல்ல" என்றேன். "நான்."

நோட்டை மூடினாள். திட்டவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. "அவர் கேட்டாரா?"

"கேட்டான். ரெண்டு நிமிஷத்துல போட்டுக் குடுத்தேன். அப்புறம் நானே எடுத்துட்டேன், யாரும் பாக்கறதுக்குள்ள. அவன்தான் கட்டினான்னு சாட்சி சொன்னேன்."

அவளுடைய அறையில் கணினி ஒருமுறை மணியடித்தது, பூட்டுக்காரர் பூட்டிவிட்டார், இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அந்தத் தையல்காரரைப் பார்த்தாளே, பேச மாட்டேன் பார்ப்பேன் என்று, அதே பார்வை. பிறகு கேட்டாள்.

"அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு மாமா?"

அப்புறமா? கதை ஆம்புலன்ஸ் கதவோடு முடிந்துவிடும், கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கதை கேட்பார்கள், நான் விரலை மூன்றிலிருந்து மணிக்கட்டுவரை கூட்டிக்கொண்டு போனேனே தவிர, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை, ஆஸ்பத்திரி எது, வீடு எந்தத் தெரு, கல்யாணம் ஆகியிருந்ததா, திரும்பி வேலைக்கு வந்தானா இல்லை நான்தான் வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனேனா… அவள் காத்திருக்கிறாள், அவசரமே இல்லாமல், நான் ஏதோ ஒரு கையை, வலது கையை, முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கிறேன், கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிச்சம் இருந்தால் ஒரு வாய் சாப்பாட்டை எப்படி எடுப்பது, அன்றைக்கு ராத்திரி யாராவது ஊட்டியிருப்பார்களா, அதற்கு அடுத்த நாள், அதற்கு அடுத்த வருஷம், அவன் எந்தக் கையால் சாப்பிட்டான்?